பழைய டீசல் பிக்கப்பை ட்ரெய்லர் இழுக்கத் தயார் செய்வது எப்படி: 1994–98 டாட்ஜ் ராம், 12 வால்வு கம்மின்ஸ்

அமெரிக்காவில் 1994 முதல் 1998ஆம் ஆண்டின் முற்பகுதி வரை விற்பனையான டாட்ஜ் ராம் 2500 டீசல் பிக்கப்பை, அதன் வயது முப்பதைத் தொட்ட பிறகும், ட்ரெய்லர் இழுப்பவர்கள் தேடி அலைந்து வாங்குகிறார்கள். காரணம், பானட்டுக்குக் கீழே இருக்கும் ஆறு சிலிண்டர், 12 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின். இது நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் அந்நியமானதல்ல. இதே 6பிடி குடும்பத்து இன்ஜினைத்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் தயாரித்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது. லாரி வேலைக்கென வார்க்கப்பட்ட, ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள இந்த இன்ஜினைப் பிக்கப்பில் வைத்ததால் ஒரு சமனின்மை வந்து சேர்ந்தது: இன்ஜின் பல லட்சம் கிலோமீட்டர் ஓடியும் நிற்கிறது, அதைச் சுற்றியுள்ள கியர் பாக்ஸும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தேய்கின்றன.

ஆகவே, இந்த வண்டியைத் தயார் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. இன்ஜினையே அழிக்கக்கூடிய சிறு குறைகளை முதலில் நீக்க வேண்டும். அடுத்து வெப்பத்தை அளந்து வெளியேற்ற வழி செய்ய வேண்டும். பிறகு கியர் பாக்ஸ், அதன் பிறகு பிரேக்கும் ஸ்டீயரிங்கும். சக்தியைக் கூட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித் தலைகீழாகச் செய்யப்பட்ட ஒரு வண்டியைத்தான் வாங்கினேன்: 1997ஆம் ஆண்டு மாடல், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், டீசல் பம்பைத் திருகி எரிபொருளைத் தாராளமாகக் கூட்டியிருந்தார்கள், ஆனால் டேஷ்போர்டில் கூடுதலாக ஒரு வெப்ப மீட்டர்கூட இல்லை. அந்த வண்டியோடு கொலராடோ மலைகளில் ஏறத்தாழ நான்கு டன் ட்ரெய்லரை இழுத்துக் கற்றுக்கொண்டவையே இங்கே எழுதுபவை.

வாங்கும்போது

1994, 1995 மாடல்களில் மேனுவல் கியர் பாக்ஸ் வண்டிக்கு 175 குதிரைத்திறனும் ஆட்டோமேட்டிக்குக்கு 160 குதிரைத்திறனும் கொடுத்தார்கள். 1996 முதல் மேனுவலுக்கு 215 குதிரைத்திறன், 440 பவுண்டு-அடி டார்க் (ஏறத்தாழ 597 நியூட்டன் மீட்டர்). ஆட்டோமேட்டிக்குக்கு 180 குதிரைத்திறன், 420 பவுண்டு-அடி. ஆட்டோமேட்டிக்குக்குக் குறைவாகக் கொடுத்ததற்குக் காரணம் அந்தக் கியர் பாக்ஸின் தாங்கும் திறன்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1998ஆம் ஆண்டின் நடுவில் 24 வால்வு இன்ஜின் வந்தது. அதில் டீசலைச் சிலிண்டர்களுக்குச் செலுத்தும் மின்னணு விபி44 பம்ப், டேங்கிலிருந்து வரும் எரிபொருளின் அழுத்தம் குறைந்தாலே பழுதாகிவிடும். 12 வால்வு இன்ஜினில் இருப்பது பாஷ் பி7100 என்னும் வரிசைப் பம்ப். இன்ஜின் ஆயிலே அதற்கு உயவாக அமைவதால், அமெரிக்காவில் 2006 முதல் வந்த, கந்தகம் மிகக் குறைந்த டீசலிலும் அது தளராமல் உழைக்கிறது. கலிஃபோர்னியாவில் புகைப் பரிசோதனை 1998 மாடல் முதலான டீசல் வண்டிகளுக்கே கட்டாயம் என்பதால், 1997 மாடலுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்க வேண்டும். சூடான பின், ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் இயல்பு. தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. அடுத்து, பின் ஆக்சிலின் பற்சக்கர விகிதத்தைக் கேளுங்கள். 3.54 விகிதம் நெடுஞ்சாலைக்கு ஏற்றது. ஆட்டோமேட்டிக் வண்டி ஓவர் டிரைவில் (மிக உயர்ந்த கியரில்) மணிக்கு 105 கிலோமீட்டர் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1750 சுற்றில் இருக்கும். 4.10 விகிதத்தில் அதே வேகத்துக்கு 2030 சுற்று ஆகும். டீசல் கூடுதலாகச் செலவாகும், ஆனால் மலை ஏறும்போது கியர் பாக்ஸ் குறைவாக வருந்தும். ஐந்து டன்னுக்கு மேல் அடிக்கடி இழுப்பவர் 4.10-ஐத் தேடுவது நல்லது. கடைசியாக, வண்டிக்கு அடியில் படுத்துச் சட்டத்தை ஒரு சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். துருவால் அரிக்கப்பட்ட சட்டத்தை இன்ஜினின் அருமைக்காக மன்னிக்கக் கூடாது.

முதல் வேலை: டவல் பின்

இன்ஜினின் முன்பக்கம் டைமிங் கியர்களைச் சுற்றியுள்ள அலுமினிய கேஸை பிளாக்கோடு நேர்படுத்திப் பொருத்த ஓர் எஃகு டவல் பின் வைத்திருக்கிறார்கள். அதை அதன் துளையில் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை. பல ஆண்டு அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் கியர்களுக்கு நடுவே விழும். கேஸ் உடைந்து ஆயில் கொட்டுவதோடு போனால் அதிர்ஷ்டம். கியரின் பல் உடைந்து கேம் நின்றுவிட்டால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். கில்லர் டவல் பின் என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. வண்டியின் வரலாற்றில் இந்த வேலை செய்ததற்கான ரசீது இல்லையென்றால், ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

விசிறி, பெல்ட், கிராங்க் டேம்பர் ஆகியவற்றைக் கழற்றி, முன்மூடியை எடுத்தால் கேம் கியருக்குப் பக்கத்தில் அந்தத் துளை தெரியும். என் வண்டியில் பின் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்து, ஆயில் பூசிய தலையோடு, விளக்கொளியில் மின்னிக்கொண்டு நின்றது. அதை மெல்லத் தட்டி முழுவதுமாக உள்ளே இறக்கி, பக்கத்துப் போல்ட்டின் அடியில் ஒரு சிறு இரும்புத் தகட்டை வைத்து, அந்தத் தகடு துளையின் வாயை மறைக்கும்படி முடுக்கினால் வேலை முடிந்தது. இதற்கென்றே தகடும் போல்ட்டும் சீலும் சேர்ந்த தொகுப்பு கிடைக்கிறது. மூடி திறந்திருக்கும்போதே கேஸைப் பிடிக்கும் மற்றப் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அவையும் தளர்வது வழக்கம். தளர்ந்ததைக் கழற்றித் துடைத்து, நூல் பிடிப்புப் பசை தடவி முடுக்க வேண்டும்.

மூடியைத் திரும்பப் போடும்போது முன் சீலில் ஒரு கவனம் தேவை. எந்தச் சீலையும் ஆயில் தடவித்தான் பொருத்த வேண்டும் என்பது நம் கைப்பழக்கம். இந்த டெஃப்லான் சீலை உலர்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். கிராங்கின் மேற்பரப்பையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். ஆயில் தடவிப் பொருத்தினால் சில நாளில் கசியத் தொடங்கி, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வைக்கும்.

எரிபொருளும் டேப்பெட்டும்

முப்பது வயது வண்டியில் டீசல் போகும் ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டியவையே. வெடித்த குழாயில் டீசல் எப்போதும் சொட்டுவதில்லை. உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் காற்று உள்ளே போகும், தரையில் ஒரு துளியும் இருக்காது. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது என்றால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்புக்கு அருகிலும் சிலிண்டர் ஹெட்டின் பின்புறத் திரும்பு பாதையிலும் உள்ள குழாய்களை மாற்றுங்கள். மாற்றிய பின் லிஃப்ட் பம்பிலுள்ள ரப்பர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். எரிபொருள் அழுத்தம் ஐட்லிங்கில் 17 முதல் 22 பிஎஸ்ஐ, 2500 சுற்றில் 25 முதல் 30 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். குறைந்தால் உடனே பம்பை மாற்றிவிடாமல் முதலில் ஃபில்ட்டரையும், பிறகு பி7100 பம்பிலிருந்து திரும்பும் வழியிலுள்ள ஓவர்ஃப்ளோ வால்வையும் பாருங்கள். அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்வதே பல வண்டிகளில் காரணமாக இருக்கிறது.

இன்ஜினை நிறுத்தும் சோலனாய்டு பழுதானால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பானட்டைத் திறந்து பம்பின் பக்கத்திலுள்ள அதன் நெம்புகோலைக் கையால் மேலே தூக்கிவிடுங்கள். உள்ளே பிடித்து நிறுத்தும் சுருள் நன்றாக இருந்தால் அது அங்கேயே நிற்கும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டரில் ஒரு சொடுக்கு மட்டும் கேட்டால், பெரும்பாலும் உள்ளிருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். அவற்றை மட்டும் மாற்றினாலே போதும், முழு ஸ்டார்ட்டரை வாங்க வேண்டியதில்லை.

வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட் செட்டிங்கை 24,000 மைலுக்கு (ஏறத்தாழ 38,600 கிலோமீட்டருக்கு) ஒருமுறை செய்ய வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.51 மில்லிமீட்டர் இடைவெளி. முதல் சிலிண்டரை அமுக்க உச்சத்துக்குக் கொண்டுவந்து 1, 2, 4-இன் இன்டேக் வால்வுகளையும் 1, 3, 5-இன் எக்ஸாஸ்ட் வால்வுகளையும் சரிசெய்யுங்கள். பிறகு கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி 3, 5, 6-இன் இன்டேக்கையும் 2, 4, 6-இன் எக்ஸாஸ்ட்டையும் முடிக்கலாம். உச்சத்தைக் கண்டுபிடிக்க கியர் கேஸின் பின்புறம் ஒரு சிறு பிளாஸ்டிக் பின் உண்டு. அதை உள்ளே தள்ளி உச்சத்தை உறுதிசெய்த மறுகணமே வெளியே இழுத்துவிட வேண்டும், இல்லையேல் கிராங்கைச் சுற்றும்போது உடைந்துவிடும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இறுக்கமாக, ஆனால் தடையில்லாமல், வெண்ணெயில் கத்தி நுழைவதைப் போல நுழைய வேண்டும். ஆயில் மாற்றுவது இதைவிட எளிது: ஃபில்ட்டரோடு சேர்த்து ஏறத்தாழ 10.4 லிட்டர் 15டபிள்யூ-40 ஆயில்.

வெப்பம்

ட்ரெய்லர் இழுக்கும் வண்டியில் தொழிற்சாலை கொடுத்த மீட்டர்கள் போதா. குறைந்தது மூன்று மீட்டர்கள் தேவை: எக்ஸாஸ்ட் வெப்பமானி, டர்போ அழுத்த மீட்டர், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் ஆயில் வெப்பமானி. இவற்றில் எக்ஸாஸ்ட் வெப்பமானியை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் பொருத்த வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் வெப்பம் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைவாகக் காட்டும், நம்பி ஏமாறுவோம். துளை போடும்போது வெட்டிய இரும்புத் தூள் டர்போவின் சக்கரத்துக்குள் போகக் கூடாது என்பதால், டர்போவைக் கழற்றிவிட்டே துளையிடுவது என் வழக்கம். நான்கு நட்டுகளுக்குப் பயந்து டர்போவைப் பணயம் வைக்க வேண்டாம்.

டர்போவுக்கு முன் அளக்கும் வெப்பம் நீண்ட ஏற்றத்தில் 1250 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 677 டிகிரி செல்சியஸை, தாண்டி நிற்கக் கூடாது. அலுமினியம் உருகும் வெப்பநிலை 660 டிகிரி செல்சியஸ் என்பதை நினைத்தால் இந்த எல்லையின் பொருள் விளங்கும். பிஸ்டனை ஆயில் தொடர்ந்து குளிர்வித்துக்கொண்டிருப்பதால்தான் அது உடனே உருகுவதில்லை. அந்த உதவிக்கும் ஓர் அளவு உண்டு. மீட்டர் எல்லையை நெருங்கினால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பயனில்லை. ஒரு கியர் குறைத்து, சுற்றைக் கூட்டி, காலைத் தளர்த்த வேண்டும். கூடுதல் சுற்றில் டர்போ கூடுதல் காற்றை உள்ளே தள்ளும், வெப்பம் கண்ணெதிரே இறங்கும். உயரமான மலைகளில் காற்று அடர்த்தி குறைவதால் அதே சுமைக்கு அதிக வெப்பம் ஏறும். கடல் மட்டத்தில் சோதித்துத் திருப்தி அடைந்த வண்டி 3,000 மீட்டரில் வேறு வண்டியாக நடந்துகொள்ளும். ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது, எக்ஸாஸ்ட் வெப்பம் 150 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் வரை ஐட்லிங்கில் விட்டே அணைக்க வேண்டும். இல்லையேல் டர்போவின் பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகிப் படியும்.

ரேடியேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் அழுத்தமாக. இந்த இன்ஜினில் கிராங்க்கேஸின் புகை வெளியேறும் குழாய் முன்பக்கமே முடிகிறது. அங்கிருந்து வரும் ஆயில் ஆவி, விசிறி இழுக்கும் காற்றோடு ரேடியேட்டரின் தகடுகளில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, ஆண்டுக்கணக்கில் கம்பளி போலத் தடித்துவிடுகிறது. டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முன்னால் மறைத்திருப்பதால் கிரில் வழியே குனிந்து பார்ப்பவருக்குச் சுத்தமாகவே தெரியும். என் வண்டியில் இன்டர்கூலரைச் சற்று விலக்கியபோது ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுவதும் கறுப்புப் படலம். விரல் நகத்தால் கீறினால் தோல் போல உரிந்து வந்தது. எண்ணெய் நீக்கும் திரவத்தை அடித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும். அழுத்தக் கருவியை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். பிறகு அந்தப் புகைக் குழாயை நீட்டி, முன் ஆக்சிலுக்குப் பின்னால் கீழ்நோக்கி முடியும்படி விடுங்கள். வழியில் தொங்கும் வளைவு இருக்கக் கூடாது. பனிக்காலத்தில் அதில் நீர் உறைந்து அடைத்தால், வெளியேற வழியில்லாத அழுத்தம் இன்ஜின் சீல்களைத் தள்ளிவிடும்.

கியர் பாக்ஸ்

முதல் கோடையில், கொலராடோவின் சில்வர்தார்னிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப் பாதையை நோக்கி ஏறினேன். சுரங்கம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கச் சரிவு 7 சதவீதம் வரை போகும். பாதி வழியில் கருகிய ஆயிலின் வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி, இன்ஜின் ஓடட்டும், குளிரட்டும் என்று எண்ணிக் கியரைப் பார்க்கில் போட்டேன். சில நிமிடத்தில் கியர் ஆயில் பொங்கி வழிந்து, சாலையில் சிவப்பாக ஓடியது. அந்த கியர் பாக்ஸின் அமைப்பைப் பிறகு படித்தபோதுதான் காரணம் புரிந்தது: இந்த வண்டிகளின் 47ஆர்எச், 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில், பார்க்கில் இருக்கும்போது ஆயில், இன்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்கும் போவதே இல்லை. குளிர்விக்க வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் விட்டு, சுற்றைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஆயில் அளவு பார்ப்பதும் நியூட்ரலில்தான். இந்த ஒன்றை அறிந்திருந்தால் ஒரு கியர் பாக்ஸின் விலை எனக்கு மிஞ்சியிருக்கும்.

திரும்பக் கட்டும்போது டார்க் கன்வெர்ட்டரில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கன்வெர்ட்டருக்குள் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராக இணைக்கும் லாக்கப் கிளட்ச் பூட்டியிருக்கும்போது வெப்பம் அநேகமாக உண்டாவதில்லை, வழுக்கும்போதுதான் உண்டாகிறது. தொழிற்சாலை கொடுத்த ஒற்றைத் தட்டு, கூட்டப்பட்ட டார்க்கைத் தாங்காது. ஓவர் டிரைவில் பூட்டிய நிலையில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது, வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் அந்தத் தட்டு வழுக்குகிறது என்று பொருள். பல தட்டு கிளட்ச் கொண்ட கன்வெர்ட்டர், உள் அழுத்தத்தை உயர்த்தும் வால்வ் பாடி, ஆயில் தங்கும் ஆழமான அலுமினிய பான் ஆகிய மூன்றையும் ஒருசேரப் போடுங்கள். பழைய பானில் ஆயில் வடிக்கத் திருகே கிடையாது. புதியதில் திருகும் உண்டு, வெப்பமானி பொருத்த இடமும் உண்டு. ஏடிஎஃப் பிளஸ் 4 ஆயிலைத் தவிர வேறு ஊற்ற வேண்டாம். பான் வெப்பம் 90 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. 115-ஐத் தாண்டினால் நிறுத்த இடம் தேடுங்கள். 1996க்குப் பிந்தைய வண்டி சமதளத்தில்கூட லாக்கப்பைப் போட்டுப் போட்டு எடுத்தால், கியர் பாக்ஸைக் கழற்றுமுன் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள். அதன் டயோடு பழுதாகிக் கசியும் மின்னலைகளே கணினியைக் குழப்புவது உண்டு.

மேனுவல் கியர் பாக்ஸான என்வி4500-இன் குறை ஒன்றே ஒன்று: ஐந்தாம் கியரைத் தண்டில் பிடிக்கும் நட் தளர்ந்து, ஒருநாள் ஐந்தாம் கியர் இல்லாமல் போகும். கனமான ட்ரெய்லரோடு ஐந்தாம் கியரில் 1600 சுற்றில் திணற வைப்பதே அதை விரைவுபடுத்துகிறது. நான்காம் கியருக்கு இறங்குங்கள். அதற்கென உள்ள ஜிஎல்-4 தர ஆயிலையே ஊற்ற வேண்டும். பொதுவான ஜிஎல்-5 ஆயில் உள்ளிருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

பிரேக், ஸ்டீயரிங், எடை

நான்கு சக்கர இயக்க வண்டியில், முன் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் டிராக் பாரின் பந்து மூட்டு தேய்வது இந்த வண்டியின் பிறவிக் குறை. தேய்ந்தால் வண்டி சாலையில் அலையும். ஒரு குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறும். இன்ஜின் ஓட, ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சற்றே திருப்பச் சொல்லி, நீங்கள் கீழே படுத்து அந்த மூட்டைப் பாருங்கள்; அசைவு கண்ணுக்குத் தெரிந்தாலே மாற்ற வேண்டும். மூட்டுக்குப் பதிலாகப் புஷ் கொண்ட பாரும் அதற்கான தாங்கியும் கிடைக்கின்றன. அதுவே நிலைத்த தீர்வு.

பின்னால் டிரம் பிரேக். ஷூ, சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, சரிசெய்யும் திருகு சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆனால் ட்ரெய்லரை நிறுத்த வேண்டியது ட்ரெய்லரின் பிரேக்கே. அதற்கு, வண்டியின் வேகக் குறைவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வகைக் கட்டுப்பாட்டுக் கருவியை ஓட்டுநருக்கு அருகில் பொருத்தி, தடித்த கம்பியால் ஏழு முனை இணைப்புக்குக் கொண்டுபோங்கள். ட்ரெய்லர் அறுந்து போனால் தானே பிரேக் போடும் சுவிட்சின் பேட்டரியை, பின்னை இழுத்துப் பார்த்து, மாதம் ஒருமுறை சோதிப்பது என் பழக்கம்.

இறக்கத்துக்கு எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போல ஒரு துணை இல்லை. டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது என்பதால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பெட்ரோல் வண்டியைப் போல அது வண்டியைப் பிடிப்பதில்லை. டர்போவுக்குப் பின்னால் ஒரு கதவை மூடி எக்ஸாஸ்ட்டைத் தடுத்தால் அந்தப் பிடிப்பு வருகிறது. பின்னழுத்தம் அதிகமானால் எக்ஸாஸ்ட் வால்வுகள் மூடாமல் மிதக்கும். ஆகவே அதிக அழுத்தத்துக்கு அமைத்த பிரேக் என்றால், கெட்டியான 60 பவுண்டு வால்வு ஸ்பிரிங்குகளைக் கூடவே போட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் லாக்கப் பூட்டியிருந்தால்தான் இது வேலை செய்யும், கியர் பாக்ஸின் உள் அழுத்தமும் குறையாமல் இருக்க வேண்டும். மேலே சொன்ன வால்வ் பாடி இதற்கும் சேர்த்துத்தான்.

எடையை ஊகிக்க வேண்டாம். ட்ரக் ஸ்டாப்புகளிலுள்ள எடைமேடையில், ட்ரெய்லரோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் ஏற்றி, ஒவ்வோர் ஆக்சிலின் எடையையும் வாங்கிக் கதவுத் தூணில் எடை வரம்பு அச்சிட்டு ஒட்டிய வில்லையோடு ஒப்பிடுங்கள். பின் பம்பரில் மாட்டும் ட்ரெய்லரானால், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். நான்கு டன்னுக்கு 400 முதல் 600 கிலோ. குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும். எல்டி245/75ஆர்16 டயரில் ஈ தரம் 80 பிஎஸ்ஐ காற்றில் ஒவ்வொன்றும் 1,380 கிலோ தாங்கும். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். டயரின் பக்கத்தில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பூ தேயாத டயரும் வயதானால் வெடிக்கும், குறிப்பாக வெயிலில் நிற்கும் ட்ரெய்லரில்.

சக்தியைக் கூட்டுதல்

இவ்வளவும் முடிந்த பிறகே பம்பின் பக்கம் கை போகலாம். முதலில் காற்றுக்கு வழி: சுத்தமான ஃபில்ட்டர், கசிவில்லாத இன்டர்கூலர் இணைப்புகள், நான்கு அங்குல எக்ஸாஸ்ட் குழாய். வண்டி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு வந்திருந்தால் அதை நீக்குவது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். பரிசோதனையிலிருந்து விலக்குப் பெற்ற ஆண்டு என்பதால் அது மாறிவிடாது.

அடுத்து, பி7100 பம்பின் மேலிருக்கும் ஏஎஃப்சி. டர்போ அழுத்தம் ஏறும் அளவுக்கு ஏற்ப எரிபொருளை விடுவிக்கும் கருவி இது. இதன் உறையைச் சிறிது முன்னே நகர்த்தி, உள்ளிருக்கும் நட்சத்திரச் சக்கரத்தைச் சரிசெய்தால், வண்டி நின்ற இடத்திலிருந்து எழும்பும் விதம் மாறும். ஒவ்வொரு முறையும் சிறிதளவே திருகி, ட்ரெய்லரோடு ஓட்டி, கண்ணாடியில் புகையைப் பாருங்கள். புறப்படும்போது மெல்லிய சாம்பல் நிறம் தோன்றி மறையலாம். கறுப்பு நீடித்தால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் போய் பிஸ்டனைச் சூடாக்குகிறது என்று பொருள். அதிகபட்ச எரிபொருளை வரையறுக்கும் ஃபியூயல் பிளேட்டைத் தேய்ப்பதும், முழுவதுமாக எடுத்துவிடுவதும் பந்தயக்காரர்களின் வேலை. மலையில் பதினைந்து நிமிடம் முழுச் சுமையோடு நிற்கும் இன்ஜினுக்கு அது பொருந்தாது. என் வண்டியில் முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்த பிளேட்டை எடுத்துவிட்டுப் பழையதைப் பொருத்தினேன். அதே ஐசனோவர் ஏற்றத்தில் வேகம் சற்றுக் குறைந்தது. ஆனால் எக்ஸாஸ்ட் வெப்பம் எல்லைக்குள் நின்றது, உச்சி வரை காலை எடுக்கவும் நேரவில்லை.

கிளம்பிய பின்

முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் சோதியுங்கள், புதிதாகக் கழற்றி மாட்டிய சக்கரமானால் கட்டாயம். ட்ரெய்லரின் ஒவ்வொரு சக்கர மையத்துக்கும் புறங்கையை நெருக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக்குக்கு மின்சாரம் போகவில்லை. நீண்ட இறக்கம் தொடங்கும் முன்பே, உச்சியில், கியரைக் குறைத்துவிடுங்கள். 7 சதவீதச் சரிவில் வேகம் ஏறிய பின் குறைக்க நினைத்தால் ஆட்டோமேட்டிக் ஏற்காது. எக்ஸாஸ்ட் பிரேக் பிடித்தும் வேகம் ஏறினால், கால் பிரேக்கை உறுதியாக அழுத்தி மணிக்கு பத்து கிலோமீட்டர் குறைத்து, முழுவதுமாக விட்டு, டிரம்முகள் ஆற நேரம் கொடுத்து, மறுபடி அழுத்துங்கள்.